ஓர் இமைப்பின் வாழ்க்கை வரலாறு

பெங்களூருவில் பெல்லாரி சாலையில், ஹெப்பாலைத் தாண்டி விமான நிலையம் போகும் வழியில், வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகம் இருக்கிறது. அதற்குள் ஒரு பக்கமாக தேசிய உயிரியல் அறிவியல் மையம். என்.சி.பி.எஸ். என்று சொன்னால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும். இந்த வரலாற்றின் நாயகன் அங்கே ஒரு சுண்டெலியின் தலைக்குள் பிறந்தது. அது ஒரு நினைவு. பெரிய நினைவு ஒன்றும் இல்லை. 'இந்தச் சத்தம் கேட்டால் சற்றுப் பொறுத்து கண்ணில் காற்று அடிக்கும்' என்பது மட்டும்தான் அதன் சங்கதி.

உபீந்தர் சிங் பல்லாவின் ஆய்வுக்கூடம் அது. 2017இல் இன்ஃபோசிஸ் பரிசு பெற்றவர், மூளை எப்படிக் கணக்குப் போடுகிறது என்பதையே தொழிலாகக் கொண்டவர். அவரும் மெஹ்ராப் மோடியும் அஷேஷ் தவாலேயும் சேர்ந்து 2014இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இந்த நினைவின் பிறப்பு பதிவாகியிருக்கிறது.

சுண்டெலியின் தலை அசையாதபடி ஒரு சட்டத்தில் பிணைக்கப்பட்டிருக்கும். மண்டையோட்டில் சின்ன வட்டமாக ஒரு திறப்பு, அதன் மேல் கண்ணாடி. நம் நாயகன் பிறந்த ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி மூளையின் மேற்பரப்பில் இல்லை. கார்டெக்ஸ் எனப்படும் பெருமூளைப் புறணிக்கு அடியில் சுருண்டு கிடக்கிறது. அதை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டுமென்றால் மேலே இருக்கும் கார்டெக்ஸில் ஒரு துளியை உறிஞ்சி எடுத்தாக வேண்டும். (கார்டெக்ஸுக்கும் ஹிப்போகாம்பஸுக்கும் இடையே உள்ள உறவைப் பேச வந்த இடத்தில் இது கொஞ்சம் உறுத்துகிறது. ஆனால் கதவைத் திறக்காமல் உள்ளே பார்க்க முடியாது.) நியூரான் எனப்படும் நரம்பு செல்லுக்குள் கால்சியம் பாயும்போது ஒளிரும் சாயம் ஏற்றப்பட்டிருக்கும். ஒரு சத்தம் ஒலிக்கும், அரை நொடிகூட நீடிக்காது. பிறகு கால் நொடி நிசப்தம். பிறகு கண்ணில் ஒரு சிறு காற்று. இமை மூடும். மறுபடி சத்தம், நிசப்தம், காற்று. திரும்பத் திரும்ப இதுவே. நேரம் போகப் போக, காற்று வருவதற்கு முன்பே இமை மூடத் தொடங்குகிறது. அந்த முந்திக்கொண்ட இமைப்புதான் நினைவு பிறந்ததற்கு அத்தாட்சி.

முழு விஷயமும் அந்தக் கால் நொடி நிசப்தத்தில் இருக்கிறது. சத்தமும் காற்றும் இடைவெளி இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டி வந்தால் ஹிப்போகாம்பஸ் தேவையே இல்லை. பின்மண்டையில் இருக்கும் சிறுமூளையே பாடத்தைக் கற்றுவிடும். இடையில் ஒன்றுமே நடக்காத கால் நொடி வந்துவிட்டால், ஓய்ந்துபோன சத்தத்தை யாராவது ஏந்திக்கொண்டிருக்க வேண்டும். அந்த வேலைக்குத்தான் ஹிப்போகாம்பஸ். அதன் சிஏ1 என்ற பகுதியில் மோடி குழுவினர் கண்டது என்னவென்றால், பாடம் படிந்த சுண்டெலியில் நியூரான்கள் வரிசை கட்டி ஒளிர்கின்றன. சத்தம் கேட்டவுடன் சில, சற்றுத் தள்ளி வேறு சில, காற்று வரும் தறுவாயில் இன்னும் சில. வெறும் நிசப்தத்துக்கும் மூளையில் ஒரு நடை உருவாகியிருக்கிறது. பாடம் படிவதற்கு முன்னால் இந்த ஒழுங்கு கிடையாது. அதைவிடச் சுவாரசியம், படிந்துகொண்டிருக்கும் நேரத்தில் சத்தமும் காற்றும் இல்லாத சும்மா இருக்கும் நொடிகளிலும் நியூரான்கள் வழக்கத்தைவிட அதிகமாகச் சேர்ந்து இயங்கின. பாடம் தெரிந்ததும் அந்தக் கூட்டம் தணிந்துவிட்டது. கற்பது என்பது ஒரு தற்காலிகக் குழப்பம் என்று நான் இதைப் படித்துக்கொள்கிறேன். ஆய்வாளர்கள் இவ்வளவு துணிந்து சொல்ல மாட்டார்கள்.

பிறந்த நினைவுக்கு உடம்பு வேண்டும். 1973இல் ஆஸ்லோவில் டிமோதி பிளிஸ், டெரியே லோமோ இருவரும் முயலின் ஹிப்போகாம்பஸில் மின்துடிப்புகளைச் செலுத்திப் பார்த்தார்கள். அதன் பிறகு நியூரான்களுக்கு இடையிலான இணைப்பு, சினாப்ஸ், மணிக்கணக்கில் வலுவடைந்தே இருந்தது. சில நொடித் தூண்டல் எப்படி இத்தனை நேரம் தாங்குகிறது? சினாப்ஸில் உள்ள புரத மூலக்கூறுகள் தொடர்ந்து சிதைந்து புதிதாகிக்கொண்டே இருப்பவை. இதற்கு ஒரு பதிலை பல்லாவும் ரவி அய்யங்காரும் 1999இல் கணினி மாதிரி வழியாகச் சொன்னார்கள். வேதிவினைகள் ஒன்றையொன்று தூண்டிச் சுற்றிக்கொண்டால் அது ஒரு ஸ்விட்ச் ஆகிவிடும். ஒருமுறை 'ஆன்' ஆனால் தூண்டியவர் போன பிறகும் 'ஆன்' ஆகவே நிற்கும். மூலக்கூறுகள் மாறலாம், நிலை மாறாது.

இனி சேதிகள் போகும் வழி. கண், காது, மூக்கு எல்லாவற்றிலிருந்தும் வரும் சேதிகள் கார்டெக்ஸின் பல பகுதிகளில் அலசப்பட்டு, கடைசியில் எண்டோரைனல் கார்டெக்ஸ் என்ற வாசலுக்கு வந்து சேர்கின்றன. அங்கிருந்து டென்டேட் கைரஸ், அங்கிருந்து சிஏ3, பிறகு சிஏ1, பிறகு சபிக்குலம். அங்கிருந்து மறுபடி எண்டோரைனல் வாசலுக்கே வந்து கார்டெக்ஸுக்குத் திரும்பும். எலியின் டென்டேட் கைரஸில் சுமார் 10 லட்சம் நியூரான்கள். அடுத்த நிறுத்தமான சிஏ3இல் அதில் மூன்றில் ஒரு பங்குதான். முதலில் பரப்பி, ஒன்றுபோல் இருப்பவற்றைப் பிரித்துவிட்டு, பிறகு நெருக்கிக் கோக்கிறது மூளை. சிஏ3இன் நியூரான்கள் தங்களுக்குள்ளேயே ஒன்றோடொன்று பின்னியவை. அதனால் பாதிச் சேதி வந்தாலும் மீதியைத் தானே எழுப்பிக்கொள்ளும் என்று டேவிட் மார் 1971இலேயே கணித்தார்.

வெளிவாசலான சபிக்குலத்தை மற்றவர்கள் அதிகம் கண்டுகொள்வதில்லை. ஓசூர் சாலையில் இருக்கும் தேசிய மனநல, நரம்பு அறிவியல் நிறுவனமான நிம்ஹான்ஸில் பிந்து குட்டியின் குழு அதைப் பிடித்துக்கொண்டது. எலிகளின் சபிக்குலத்தில் கீழ்ப்பகுதியைச் சேதப்படுத்தினால் அவை வழி கற்கும் திறனை இழக்கின்றன என்றும், ஹிப்போகாம்பஸ் வகை செல்களைப் பதியனிட்டால் அந்தத் திறன் திரும்புகிறது என்றும் அவர்கள் காட்டினார்கள். ஹிப்போகாம்பஸ் முழுசாக இருந்து என்ன, வெளியே போகும் கதவு அடைபட்டால் நினைவு உள்ளேயே கிடக்க வேண்டியதுதான். இந்திய அறிவியல் கழகத்தில் ரிஷிகேஷ் நாராயணன் சொல்வது வேறொரு கோணம். ஹிப்போகாம்பஸின் ஒரே வேலையை வெவ்வேறு உறுப்புச் சேர்க்கைகளைக் கொண்டு செய்ய முடியும். நியூரானின் சவ்வில் இந்த அயனிக் குழாய் இத்தனை இருந்தால்தான் ஆகும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டு தலைகளில் ஒரே நினைவு ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்க வேண்டியதில்லை என்று அர்த்தம்.

இரவு வருகிறது. சுண்டெலி தூங்குகிறது, நினைவு தூங்குவதில்லை. 1994இல் மேத்யூ வில்சனும் புரூஸ் மெக்நாட்டனும், எலி ஓடும்போது சேர்ந்து இயங்கிய ஹிப்போகாம்பஸ் நியூரான்கள் பிறகு தூக்கத்திலும் சேர்ந்தே இயங்குவதைக் கண்டார்கள். ஆழ்ந்த தூக்கத்தில் ஹிப்போகாம்பஸில் நொடிக்கு 150 முதல் 200 முறை அதிரும் குறுகிய அலைக்கூட்டங்கள் எழும். பகலில் நடந்தது அந்தச் சிறு கணத்துக்குள் பலமடங்கு வேகத்தில் ஓடி முடியும். அதே சமயம் கார்டெக்ஸில் தூக்கத்துக்கே உரிய மெதுவான அலைகள். இரண்டும் கைகோத்துக்கொள்ளும் நேரத்தில்தான் பாடம் நடக்கிறது. 2009இல் பாரிஸில் ஒரு குழு, தூங்கும் எலிகளில் அந்த அதிர்வு எழும்போதெல்லாம் மின்துடிப்பால் கலைத்துவிட்டது. எலிகள் தூங்கத்தான் செய்தன. மறுநாள் பாடத்தில் பின்தங்கின. நீட் தேர்வுக்கு முந்தைய இரவு முழுக்க விழித்துப் படிக்கும் பிள்ளைக்கும், நைட் ஷிஃப்ட் முடித்து காலையில் எலக்ட்ரானிக் சிட்டி பஸ்ஸில் ஆடி ஆடி வரும் இளைஞருக்கும் இதைச் சொல்லலாம். கேட்பார்களா என்பது வேறு.

நம் இமைப்புக்கு வயது ஒரு நாள். இந்த வயதில் ஹிப்போகாம்பஸை எடுத்துவிட்டால் நினைவு போய்விடும். ஒரு மாதம் பொறுத்து எடுத்தால் போகாது. கண்ணில் காற்றடிக்கும் இதே பாடத்தை முயல்களுக்குக் கற்பித்து 1995இல் அமெரிக்காவில் கண்டறிந்தது இது. 2003இல் டோக்கியோவில் கவோரி தகேஹாராவும் உடனிருந்தவர்களும் எலிகளில் அடுத்த படிக்குப் போனார்கள். முதல் நாளில் ஹிப்போகாம்பஸ் இல்லாமல் முடியாது. நான்கு வாரம் கழித்து அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்கார்டெக்ஸின் நடுப்பகுதி இல்லாமல் முடியாது. சிறுமூளை மட்டும் எல்லா நாளும் வேண்டும். இமையை மூடும் கட்டளை அதன் வழியாகத்தானே போகிறது.

இதைப் பார்த்தவுடன் நினைவு ஹிப்போகாம்பஸைக் காலி செய்துவிட்டு கார்டெக்ஸுக்குக் குடிபோய்விட்டது என்றுதான் சொல்லத் தோன்றும். பாடப்புத்தகங்களும் பல வருடம் அப்படித்தான் சொல்லிவந்தன. எனக்கு அது பிடித்தமான கதைதான், ஆனால் தப்பான கதை. 2017இல் எம்.ஐ.டி.யில் தகாஷி கிதாமுரா, சுசுமு தொனெகாவா குழுவினர் சுண்டெலிகளுக்கு ஒரு பய நினைவை ஊட்டி, அதில் பங்கெடுத்த நியூரான்களை அடையாளம் குறித்துவைத்தார்கள். முன்கார்டெக்ஸில் அந்த நினைவுக்கான நியூரான்கள் முதல் நாளே, கற்ற அந்த நேரமே, உருவாகிவிட்டிருந்தன. ஆனால் ஊமையாக இருந்தன. பயந்த இடத்துக்குச் சுண்டெலியைத் திரும்பக் கொண்டுபோனாலும் அவை எழவில்லை. வெளியிலிருந்து ஒளி பாய்ச்சி எழுப்பினால் மட்டும் சுண்டெலி பயந்து உறைந்தது. இரண்டு வாரத்தில் அவை முதிர்ந்து தாமாகவே எழத் தொடங்கின. அந்த முதிர்ச்சிக்கு ஹிப்போகாம்பஸின் உதவி தேவைப்பட்டது. அதற்குள் ஹிப்போகாம்பஸில் இருந்தவை ஊமையாகிவிட்டன.

பெங்களூருவில் வீடு கட்டும் எந்த இடத்துக்குப் போனாலும் தமிழ் பேசும் கொத்தனார் ஒருவராவது இருப்பார். தளம் போடும்போது சென்ட்ரிங் அடிப்பதை அவரிடம் கேட்டால் சொல்வார். கான்கிரீட் கொட்டிய அன்றே தளத்துக்கு வடிவம் வந்துவிடும், தாங்கும் பலம் வராது. இரண்டு மூன்று வாரம் பலகையும் முட்டும்தான் தாங்கும். இறுகிய பிறகு பிரித்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பலகை தளமாக மாறுவதில்லை; பலகையிலிருந்து எதுவும் மேலே ஏறிப் போவதுமில்லை. ஹிப்போகாம்பஸ் செய்வது சென்ட்ரிங் வேலை. நம் நாயகன் எங்கும் பயணம் போகவில்லை. இருந்த இடத்திலேயே இறுகியது.

ஓரிடத்தில் இந்த உவமை காலை வாருகிறது. 1997இல் லின் நாடல், மோரிஸ் மோஸ்கோவிச் இருவரும் வாதிட்டதுபோல, நேரில் பார்த்த ஒரு நிகழ்ச்சியை இடம், மணம், முகங்களோடு மறுபடி கண்முன் நிறுத்த எத்தனை வருடமானாலும் ஹிப்போகாம்பஸ் தேவைப்படலாம். கல்யாண தேதி கார்டெக்ஸில் நிற்கும். கல்யாணத்தன்று மழை பெய்து பந்தல் சரிந்த காட்சிக்குப் பலகையைப் பிரிக்கவே முடியாது. எல்லா நினைவுக்கும் ஒரே கெடு என்பதும் கிடையாது. ஏற்கெனவே ஓர் இடத்தின் வரைபடத்தை நன்றாகக் கற்றிருந்த எலிகளுக்கு, அதே வரைபடத்தில் புதிதாக ஒன்றைச் சேர்த்தால் 48 மணி நேரத்திலேயே ஹிப்போகாம்பஸ் தேவையற்றுப் போனதை எடின்பரோவில் ரிச்சர்ட் மோரிஸ் குழு 2007இல் காட்டியது. தெரிந்ததோடு ஒட்டினால் சீக்கிரம் இறுகும். புதுத் தகவல் பழைய அறிவோடு எப்படிச் சேர்கிறது என்ற இந்தக் கேள்வியைத்தான் இந்திய அறிவியல் கழகத்தின் நரம்பியல் மையத்தில் பாலாஜி ஜெயப்பிரகாஷின் குழு எடுத்துக்கொண்டிருக்கிறது.

மனிதரிடம் இது எப்படி என்பதற்கு உலகம் திரும்பத் திரும்பச் சொல்லும் சாட்சி ஹென்றி மோலேசன். 1953இல் வலிப்பு நோய்க்காக அவருடைய ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை இரு பக்கமும் அறுவை மருத்துவர் வில்லியம் ஸ்கோவில் எடுத்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 27. வலிப்பு குறைந்தது. அதற்குப் பிறகு சந்தித்த ஒருவரும் நினைவில் தங்கவில்லை. சிறுவயதுச் சங்கதிகள் இருந்தன. 2008இல் அவர் இறக்கும் வரை ஆய்வுலகம் அவரை எச்.எம். என்ற இரண்டெழுத்தாக மட்டும் அறிந்திருந்தது. ஒரு மனிதரின் துரதிர்ஷ்டத்திலிருந்து இத்தனை அறிவு சுரந்தது என்பதில் எனக்கு எப்போதும் ஒரு நெருடல் உண்டு.

பெங்களூரு இந்தக் கதைக்குத் தன் பங்காகக் கொடுத்தது, வழியில் வரும் ஆபத்தின், அதாவது மன அழுத்தத்தின், வரைபடம். அதை வரைய உதவிய முறை பழையது. 1873இல் இத்தாலியில் கமில்லோ கோல்கி, மூளைத் துண்டைப் பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஊறவைத்து வெள்ளி நைட்ரேட்டில் போட்டால் சில நியூரான்கள் மட்டும் முழுக்கக் கறுப்பதைக் கண்டார். கோடிக்கணக்கானவற்றில் ஏன் அந்தச் சில மட்டும் என்பதற்கு இன்றுவரை திருப்தியான விளக்கம் இல்லை. எல்லாம் கறுத்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. அந்தப் பழைய முறையை நிம்ஹான்ஸ் விடாமல் வைத்திருந்தது. டி.ஆர். ராஜு, மீரா ராவ் முதலானோர் 1995இல், தினமும் கட்டுண்டு கிடந்த எலிகளின் சிஏ3 நியூரான்களை எடுத்து அவற்றின் கிளைகளில் உள்ள முள் போன்ற முளைகளை எண்ணினார்கள். ஒவ்வொரு முளையும் ஒரு சினாப்ஸ் நிற்கும் இடம். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து ஒரு கிளையின் நெடுகிலும் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணும் பொறுமை இல்லாமல் இந்த ஊரில் இந்தத் துறை வளர்ந்திருக்காது.

என்.சி.பி.எஸ்.ஸில் சுமந்த்ர சட்டர்ஜியும், நிம்ஹான்ஸில் சங்கரநாராயண ராவும், அஜய் வியாஸ், ரூப்ஷி மித்ராவோடு சேர்ந்து 2002இல் வெளியிட்ட கட்டுரை அந்தப் பொறுமையில் விளைந்தது. எலிகளைத் தினம் 2 மணி நேரம், 10 நாள் அசைய விடாமல் வைத்தார்கள். சிஏ3 நியூரான்களின் கிளைகள் சுருங்கின. அது முன்பே தெரிந்த விஷயம். அதே எலிகளின் அமிக்டலாவில், அதாவது பயத்தைக் கையாளும் பகுதியில், நியூரான்களின் கிளைகள் வளர்ந்திருந்தன. ஒரே மன அழுத்தம் ஓரிடத்தை வெட்டுகிறது, பக்கத்து இடத்துக்கு உரம் போடுகிறது. 2004இல் இன்னும் மோசமான செய்தி: 21 நாள் நிம்மதியாக விட்ட பிறகும் அமிக்டலாவின் வளர்ச்சி தணியவில்லை, எலிகளின் பதற்றமும் போகவில்லை. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு தடவை கட்டிவைத்தாலும் போதும். அன்று ஒன்றும் தெரியாது, 10 நாள் கழித்து அமிக்டலாவில் புது முளைகள் கூடியிருக்கும் என்று 2005இல் காட்டினார்கள். அழுத்தத்துக்குப் பிறகு அமிக்டலாவிலிருந்து ஹிப்போகாம்பஸுக்குப் போகும் தொடர்பு வலுக்கிறது என்பது 2013இல் வந்தது. மன உளைச்சலில் இருப்பவர் படித்தது எதுவும் நிற்கவில்லை என்பார். பட்டது மட்டும் மறக்கவே மாட்டேன் என்கிறது என்றும் அவரே சொல்வார். இரண்டும் ஒரே தலையில் எப்படி நடக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடையை நான் பார்த்ததில்லை.

முதுமையில் ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது. அல்சைமர் நோயில் டவ் என்ற புரதம் நியூரான்களுக்குள் முடிச்சிட்டுக்கொள்கிறது. அது எண்டோரைனல் பகுதியை ஒட்டித் தொடங்கி, ஹிப்போகாம்பஸுக்குப் போய், கடைசியில்தான் கார்டெக்ஸ் முழுக்கப் பரவுகிறது என்று ஹெய்கோ பிராக், ஈவா பிராக் தம்பதி 1991இல் படிப்படியாக வகுத்துக் காட்டினார்கள். உள்வாசல்தான் முதலில் இடிகிறது. காலையில் சாப்பிட்டதை மறந்த பாட்டி, தன் கல்யாணத்தில் மொய் எழுதியவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வது இதனால்தான்: அந்தத் தளம் என்றோ இறுகிவிட்டது. கோலார் மாவட்டத்தின் மாம்பழ ஊரான ஸ்ரீநிவாசபுரத்தில், இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆய்வு மையம் 45 வயதைத் தாண்டிய 10,000 கிராமத்தினரைத் தொடர்ந்து கண்காணிக்கும் திட்டத்தை நடத்துகிறது. மறதி வந்த பிறகு பார்ப்பதற்குப் பதில், வருவதற்கு முன்பிருந்தே பார்ப்பது அதன் நோக்கம். நம் நாட்டுக் கிராமத்து மூளை எப்படி முதுமை அடைகிறது என்பதை வெளிநாட்டு நகரத்தாரின் கணக்கை வைத்து ஊகித்தது போதும்.

இத்தனைக்கும் மேலே சொன்னவற்றில் பெரும்பங்கு எலியும் சுண்டெலியும் முயலும்தான். மனித மூளையின் இந்தச் சுற்றுப்பாதையை, அதன் செல்களை, புரதங்களைக் கையில் எடுத்துப் பார்க்க மனித மூளையே வேண்டும். நிம்ஹான்ஸில் 1995இல் டாக்டர் எஸ்.கே. சங்கர் தொடங்கிய மனித மூளை வங்கி அதற்காக இருக்கிறது. விபத்தில் இறந்தவர்களின் உடற்கூராய்வின்போது, உறவினர் சம்மதித்தால் மூளை அங்கே போகிறது. நோயுற்றவையும் நோயற்றவையும் உறைகுளிரில் பாதுகாக்கப்பட்டு ஆய்வாளர்களுக்கு வழங்கப்படுகின்றன. பக்கத்திலேயே மூளை அருங்காட்சியகம், பொதுமக்களும் பார்க்கலாம். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரியிலிருந்து வைத்தியத்துக்கு என்று நிம்ஹான்ஸ் போகும் நம்மவர்களில் பலருக்கு இப்படி ஒன்று அதே வளாகத்தில் இருப்பது தெரியாது.

கண்தானம் பழகிவிட்டது, மூளைதானம் இன்னும் பழகவில்லை. விருப்பம் உள்ளவர்கள் படிவத்தில் எழுதிக் கொடுப்பதோடு நின்றுவிடாமல் வீட்டில் மனைவியிடமோ கணவரிடமோ பிள்ளைகளிடமோ வாய்விட்டுச் சொல்லிவையுங்கள். அந்த நேரத்தில் சம்மதம் தர வேண்டியவர்கள் அவர்கள்தான்.